ரோமப் பேரரசுக் காசை அடையாளம் காண உதவும் ஓ.சி.ஆர்.இ.: தேய்ந்த செப்புக் காசு ஒன்றை வைத்து ஒரு மதிப்பீடு

சென்ற ஆண்டு லண்டனில் நடந்த ஒரு நாணயச் சந்தையில் ரோமச் செப்புக் காசு ஒன்றை வாங்கினேன். கட்டைவிரல் நகத்தளவே உள்ள காசு. வீட்டுக்கு வந்து அளந்தபோது விட்டம் 17.6 மில்லிமீட்டரும் எடை 2.31 கிராமும் இருந்தன. ஒரு பக்கத்தில் வலப்புறம் நோக்கிய இளைஞன் ஒருவனின் தலை. மறுபக்கத்தில் ஈட்டியும் கேடயமும் தாங்கி எதிரெதிரே நிற்கும் இரு படைவீரர்கள், அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள். விற்றவர் காசோடு தந்த சிறு அட்டையில் 'மகா கான்ஸ்டன்டைன், கான்ஸ்டாண்டிநோபிள் அக்கசாலை' என்று எழுதியிருந்தது. முன்னது நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் ஒருவரின் பெயர், பின்னது காசை அடித்த கூடத்தின் பெயர். அந்த இரண்டு செய்திகளுமே தவறு என்பதை நான் அறிந்துகொண்டது ஓ.சி.ஆர்.இ. என்னும் இணையச் சேவையின் துணையால்தான். அச்சேவையைப் பற்றிய மதிப்பீட்டை இந்தக் காசை முன்வைத்தே எழுதுகிறேன். தெளிவான, தேய்வில்லாத காசை எந்த நூலைக் கொண்டும் கண்டுபிடித்துவிடலாம், பாதி எழுத்து அழிந்த காசில்தான் ஒரு கருவியின் தரம் தெரியவரும்.

'ரோமப் பேரரசின் காசுகள், இணையவழியில்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஓ.சி.ஆர்.இ. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பண்டைய உலக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதனை உருவாக்கின. 2012இல் முதற்பகுதி வெளியாகி 2017இல் பணி நிறைவெய்தியது. இதன் அடித்தளம், 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பெயரில் 1923இல் முதல் தொகுதியும் 1994இல் பத்தாம் தொகுதியும் வெளிவந்த பெரும் அட்டவணை நூல்வரிசை. கி.மு. 31இல் அகஸ்டஸிடம் தொடங்கி கி.பி. 491இல் ஜீனோ மறைந்தது வரையிலான காலத்தில் பேரரசின் அக்கசாலைகள் வெளியிட்ட 43,000க்கும் மேற்பட்ட காசு வகைகள் இதில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. கட்டணம் எதுவும் இல்லை. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுமில்லை. அந்தப் பத்துத் தொகுதிகளையும் விலை கொடுத்து வாங்குவது மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் சேகரிப்பாளர் எவராலும் எளிதில் ஆகக்கூடியதன்று. ஆகவே இப்படியொரு பெருநூலை எல்லார்க்கும் திறந்து வைத்தவர்களுக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் குறைகளைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

தளத்தைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை கைவசம் இருக்க வேண்டும். எடையை நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசும், விட்டத்தை அளக்க ஒரு வெர்னியர் அளவியும், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சும், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு மேசைவிளக்கும் இருந்தால் போதும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் தேய்ந்த எழுத்துகள் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகின்றன. விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்த்துப் பிடித்து, காசை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலைக் காட்டிச் சில நொடிகள் எழுந்து நின்றுவிட்டு மறையும். அந்தச் சில நொடிகளில் கண்டதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். காணாததை ஊகித்து எழுதாமல் அங்கே ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமே என்று வீட்டில் யாரேனும் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். பதினேழு நூற்றாண்டுகளாக அந்தச் செம்பைக் காத்துவந்த மேற்படலம் ஒருமுறை போனால் போனதுதான், அதனோடு எழுத்தும் போய்விடும்.

என் காசின் தலைப்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: தொடக்கத்தில் 'கான்ஸ்டன்டினு' என்பதற்குரிய எழுத்துகள், அதன்பின் தேய்வு, பின்னர் 'என்', 'ஓ', 'பி', 'சி' என்று நான்கு எழுத்துகள். பின்பக்கத்தில் 'குளோரியா' என்பதன் முற்பாதியும் 'எக்செர்சிட்டுஸ்' என்பதன் நடுப்பகுதியும் தெரிந்தன. 'படையின் புகழ்' என்பது அத்தொடரின் பொருள். வீரர்கள் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழே, அக்கசாலையின் பெயரைச் சுருக்கிப் பொறிக்கும் இடத்தில், 'சி', 'ஓ', 'என்', 'எஸ்' என்பவை ஐயமின்றித் தெரிந்தன. அவற்றுக்கு வலப்புறம் ஓரத்தோடு ஒட்டி ஒரு நிமிர்ந்த கோடும், அதன் தலையில் வலப்பக்கம் நீளும் ஒரு குறுங்கோடும். இடப்புறத்தில் ஏதோ ஓர் எழுத்தின் அடிப்பகுதி மட்டும்.

இந்தக் குறிப்புகளோடு ஓ.சி.ஆர்.இ.யில் நுழைந்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, உலோகவாரியாகப் பேரரசர்களின் தலைப்படங்களை வரிசையாகக் காட்டி, நம் காசிலுள்ள முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பகுதி. புதிதாக வருபவர்களுக்கு இது நல்ல நுழைவாயில். நீரோவின் தடித்த கழுத்தையும், ஹேட்ரியனின் தாடியையும், பிலிப்பின் ஒட்ட வெட்டிய முடியையும் பெயர் தெரியாமலே இனங்காணலாம். ஆனால் கான்ஸ்டன்டைன் குடும்பத்தாருக்கு இந்த வழி உதவாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அக்காலத்து அச்சுச் செதுக்குநர்கள் அரசரின் தனிச் சாயலைவிட அரச பதவியின் பொதுச் சாயலையே செதுக்கினார்கள். தந்தையும் மூன்று மகன்களும் சிறு செப்புக் காசுகளில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பார்கள்.

இரண்டாவது, எல்லாப் பதிவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு, இடப்புறத்திலுள்ள பட்டியலில் உலோகம், காசின் வகை, அக்கசாலை, வெளியிட்ட அரசர், முகத்துக்குரியவர், தெய்வம் என ஒவ்வொன்றாகத் தேர்ந்து வளையத்தைக் குறுக்கிக்கொண்டே வருவது. மூன்றாவது, பொறிப்பின் சொல்லையோ உருவத்தின் வருணனையையோ தட்டச்சு செய்து தேடுவது. நான் இரண்டையும் கலந்தே பயன்படுத்துகிறேன். இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடத்தைக் குறிப்பிட வேண்டும். காசை வெளியிட்ட அதிகாரமும் காசிலுள்ள முகமும் இத்தளத்தில் இரு வேறு தலைப்புகள். அந்தோனினஸ் பயஸின் மனைவி ஃபவுஸ்டினாவின் முகம் பொறித்த காசு, அரசர் என்ற தலைப்பின்கீழ் அந்தோனினஸ் பயஸிடம்தான் இருக்கும். ஃபவுஸ்டினாவை முகம் என்ற தலைப்பில் தேட வேண்டும். அதுபோலவே கான்ஸ்டன்டைன் தம் மகன்களின் பெயரால் அடித்த காசுகளும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் முதல் வாரம் முழுவதும் தவறான பட்டியலையே புரட்டிக்கொண்டிருந்தேன். முகப்பிலேயே இதைப் பற்றி இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் பலருக்கு உதவியாக இருந்திருக்கும்.

பின்பக்க உருவத்தை வைத்துத் தேடியபோது முதல் தெளிவு பிறந்தது. இரு வீரர்கள் உள்ள இந்தக் காசு ஏறத்தாழ 330இல் தொடங்குகிறது. முதலில் வீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிகள் இருந்தன. 335ஐ ஒட்டிக் காசின் எடையைக் குறைத்தபோது ஒரு கொடியை மட்டும் வைத்து அடிக்கத் தொடங்கினார்கள். இரு கொடிக் காசு பொதுவாக இரண்டரைக் கிராமை ஒட்டியும், ஒரு கொடிக் காசு ஒன்றரைக் கிராமை ஒட்டியும் இருக்கும். 2.31 கிராமும் இரண்டு கொடிகளும் கொண்ட என் காசு முந்திய பிரிவைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆக, 330க்கும் 335க்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளுக்குள் காலம் அடங்கிவிட்டது. கல்வெட்டில் ஆட்சியாண்டைத் தேடித் திண்டாடுபவர்களுக்கு, கையில் அடங்கும் ஒரு செப்புத் துண்டு இவ்வளவு நெருக்கமாகத் தன் வயதைச் சொல்வது எத்தனை பெரிய பேறு என்பது விளங்கும்.

அடுத்து முகம். மகா கான்ஸ்டன்டைனின் காசாக இருந்தால் பெயருக்குப் பின் 'மேக்ஸ் ஆக்' என்ற சுருக்கம் வர வேண்டும். 'மாபெரும் அகஸ்டஸ்' என்பது அதன் விரிவு; இங்கே அகஸ்டஸ் என்பது பேரரசருக்குரிய பட்டம். என் காசின் இறுதியில் இருந்ததோ 'நோப் சி'. 'மிக மேன்மை பொருந்திய சீசர்', அதாவது பட்டத்துக்குரிய இளவரசர் என்பது பொருள். ஓ.சி.ஆர்.இ.யில் இரு பதிவுகளையும் பக்கத்துப் பக்கத்துச் சாளரங்களில் திறந்து வைத்துப் பார்த்தபோது இன்னொரு வேறுபாடும் கண்ணில் பட்டது. பேரரசரின் தலையில் மணிகளும் ரோசாப்பூ வடிவங்களும் பதித்த தலைப்பட்டை. இளவரசரின் தலையில் இலைமாலை. வருணனையில் இவை இரண்டும் தவறாமல் வேறுபடுத்தி எழுதப்பட்டுள்ளன. கைலென்சை எடுத்து என் காசின் நெற்றிக்கு மேலே பார்த்தேன். முனை மேல்நோக்கிய இலைகள் இரண்டு தெளிவாகத் தெரிந்தன. தேய்ந்துபோன நடுப்பகுதியில் 'இளையவர்' என்பதன் சுருக்கமாகிய 'ஐ', 'வி', 'என்' என்ற மூன்று எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது. 317இல் சீசராக்கப்பட்ட இரண்டாம் கான்ஸ்டன்டைனே இவர். அட்டையின் முதல் செய்தி இங்கே விழுந்தது.

இரண்டாவது செய்திதான் என்னைப் பல இரவுகள் உட்கார வைத்தது. கான்ஸ்டாண்டிநோபிள் அக்கசாலை தன் பெயரைச் 'சி', 'ஓ', 'என்', 'எஸ்' என நான்கெழுத்தில் சுருக்கி, அதன் பின்னால் எந்தப் பட்டறை அடித்தது என்பதைக் காட்டக் கிரேக்க எண்ணெழுத்து ஒன்றைச் சேர்த்தது. முதற்பட்டறைக்கு ஆல்பா, இரண்டாவதற்கு பீட்டா, மூன்றாவதற்கு காமா. இப்படிப் பதினொரு பட்டறைகள். கிரேக்கக் காமா என்பது நிமிர்ந்த கோடும் அதன் தலையில் வலப்பக்கம் நீளும் குறுங்கோடும் கொண்ட எழுத்து. என் காசின் வலது ஓரத்தில் தெரிந்ததும் அதேதான். விற்றவர் அதைக் காமா என்று படித்து, கான்ஸ்டாண்டிநோபிளின் மூன்றாம் பட்டறை என்று முடிவு செய்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் நானும் அப்படியே படித்தேன்.

ஆனால் ஓ.சி.ஆர்.இ.யில் அக்கசாலையைக் குறிப்பிடாமல், 'இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரு வீரர்கள், இரு கொடிகள்' என்பதை மட்டும் கொடுத்துத் தேடியபோது, ஆர்ல் என்னும் ஊரின் பதிவுகளும் வந்து நின்றன. தெற்குப் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊருக்கு, இதே இளவரசரைச் சிறப்பிக்கும் வகையில் 328இல் கான்ஸ்டன்டினா என்று பெயர் சூட்டினார்கள். அவர் 340இல் போரில் கொல்லப்பட்ட பின்னர்ப் பழைய பெயரே திரும்பியது. ஆகவே அந்த இடைக்காலத்தில் ஆர்ல் அக்கசாலையின் குறி 'சி', 'ஓ', 'என்', 'எஸ்', 'டி' என்று ஐந்தெழுத்தாக இருந்தது; பட்டறையைக் காட்டும் இலத்தீன் எழுத்து அதன் முன்னால் வந்தது. தலைக்கோட்டின் இடப்பாதி தேய்ந்தோ வெட்டுப்பட்டோ போன ஒரு 'டி' (T), பார்ப்பவர் கண்ணுக்குக் காமாவாகவே நிற்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. காசில் உள்ள தொலைவோ ஒரு மயிரிழை.

எது சரி என்று தீர்மானிக்க இத்தளம் எனக்கு இரண்டு சாட்சிகளைத் தந்தது. ஒன்று, இடப்புறத்தில் எழுத்து இருக்கிறதா என்பது. கான்ஸ்டாண்டிநோபிளின் குறியில் முதலெழுத்துக்கு முன்னால் சில வேளைகளில் ஒரு புள்ளி வருமே தவிர எழுத்து வராது. என் காசில் மிஞ்சியிருந்த அடிப்பகுதி எந்தப் புள்ளியையும்விடப் பெரியது. மற்றொன்று, நான் அதுவரை அழுக்கென்று நினைத்து ஒதுக்கிவிட்ட ஒரு சிறு வட்டம். இரண்டு கொடிகளுக்கும் நடுவே, வீரர்களின் தோள்மட்டத்தில் அது இருந்தது. ஆர்ல் பதிவுகளில் ஒரு வரிசைக்கு 'கொடிகளுக்கு நடுவே இலைவளையம்' என்ற குறிப்பு இருக்கக் கண்டேன். அப்பதிவின்கீழ் இணைக்கப்பட்டிருந்த அருங்காட்சியகக் காசின் படத்தைப் பெரிதாக்கி என் காசோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே இடம், அதே அளவு, கீழ்ப்புறத்தில் நாடா முடிச்சுப் போல ஒரு சிறு புடைப்பு. கான்ஸ்டாண்டிநோபிளின் இரு கொடிப் பதிவுகளைத் திரும்பவும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வளையம் கண்ணில் படவில்லை. அன்று இரவு பதினொன்றரை மணிக்கு அட்டையின் இரண்டாவது செய்தியையும் அடித்துவிட்டேன்.

இந்தச் சேவையின் உண்மையான பலம் எது என்று என்னைக் கேட்டால், இந்தப் படங்களைத்தான் சொல்வேன். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சொந்தச் சேகரிப்போடு, பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் நாணயப் பிரிவு, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதலிய பல நிறுவனங்களின் காசுகள் அந்தந்த வகையின் பக்கத்தில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எடை, விட்டம், முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நிற்கின்றன என்பதைக் கடிகார மணியால் குறிக்கும் அளவு ஆகியவை பெரும்பாலும் தரப்படுகின்றன. அச்சிட்ட அட்டவணை ஒரு வகைக்கு ஒரு படம் தருவதே அரிது. பல வகைகளுக்கு அதுவும் இருக்காது. ஒரே வகையின் ஐந்தாறு காசுகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான், எது வகையின் இயல்பு, எது ஒரு தனிக் காசின் விபத்து என்று கண் பழகுகிறது. பல காசுகளின் எடைகளைக் கூட்டிச் சராசரியை வரைபடமாகக் காட்டும் வசதியும் உண்டு. இரண்டு கொடியிலிருந்து ஒரு கொடிக்கு மாறியபோது எடை எப்படிச் சரிந்தது என்பதை அதில் நானே வரைந்து பார்த்தேன்.

ஒவ்வொரு வகைக்கும் மாறாத இணைய முகவரி ஒன்று இருப்பது இன்னொரு நன்மை. காசின் உறையில் அம்முகவரியிலுள்ள வகை எண்ணை எழுதி வைத்துவிட்டால், அதை நாளை யார் கையில் எடுத்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், நான் பார்த்த அதே பக்கத்துக்கு வந்து என் முடிவைச் சரிபார்க்க முடியும். தமிழ்நாட்டில் காசு சேகரிக்கும் நண்பர்களோடு பேசும்போது இதன் அருமை நன்றாகத் தெரிகிறது. 'அந்த இரண்டு சிப்பாய்க் காசு' என்று படம் அனுப்பிக் குழம்பிய காலம் போய், எண்ணைச் சொன்னால் இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறோம்.

தெளிவான காசில் இத்தளம் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதைப் பார்க்க, டைபீரியஸின் வெள்ளி டெனாரியஸ் ஒன்றையும் தேடிப் பார்த்தேன். கோயம்புத்தூர் வட்டாரத்தில் கிடைத்த ரோமப் புதையல்களில் அகஸ்டஸின் காசுகளோடு மிகுதியாகக் காணப்படுவது இந்த வகைதான் என்பதால் தமிழ் வாசகர் பலர் இதை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கக்கூடும். ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் கிளையைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண், 'பொன்டிஃப் மேக்சிம்' என்ற பொறிப்பு. இரண்டு சொற்களைக் கொடுத்த உடனே விடை வந்துவிட்டது. ஆனால் வந்தது ஒரே விடையாக இல்லை. பெண் அமர்ந்திருக்கும் நாற்காலியின் கால்கள் வெறுமையானவையா வேலைப்பாடு கொண்டவையா, கையிலிருப்பது செங்கோலா தலைகீழாகப் பிடித்த ஈட்டியா என்பவற்றை வைத்து இந்த ஒரு காசே பல எண்களாகப் பிரிந்திருந்தது. இத்தனை நுணுக்கம் தேவையா என்று சிலர் கேட்கலாம். பல ஆண்டுகள் உருவம் மாறாமல் அடிக்கப்பட்ட ஒரு காசில் முன்பின் வரிசையைக் கண்டறிய ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் பிடிமானமே இத்தகைய நாற்காலிக் கால்கள்தாம் என்பதால், தேவை என்றே நான் கருதுகிறேன்.

இனிக் குறைகள். முதலாவது, பொறிப்பைத் தேடும் முறை. காசில் எழுத்துகள் உருவத்தால் இடையிடையே பிரியும் இடங்களை மூலநூல் சிறு இடைக்கோட்டால் காட்டுகிறது; பல பதிவுகளில் அந்த இடைக்கோடு அப்படியே ஏறியிருப்பதால், முழுச் சொல்லாகத் தட்டச்சு செய்தால் எதிர்பார்த்த பதிவு சில வேளைகளில் கண்ணில் படாமல் போய்விடுகிறது. இலத்தீன் பொறிப்பில் 'யு' வர வேண்டிய இடத்திலும் 'வி' எழுத்தையே இட வேண்டும் என்பதும் தொடக்கக்காரருக்குத் தெரியாது. பொறிப்பை விட்டுவிட்டு உருவத்தின் வருணனையில் தேடுவதே பெரும்பாலும் நல்லது என்பது என் அனுபவம். அவ்வருணனைகள் அடிப்படையில் ஆங்கிலத்தில் உள்ளவை. ஆகவே படைக்கொடி, மார்புக்கவசம், தலைப்பட்டை, கொம்புக்கலயம் முதலிய பத்திருபது சொற்களுக்குரிய ஆங்கிலச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் இத்தளத்தில் நெடுந்தூரம் போக முடியாது.

இரண்டாவது குறை மூலநூலிலிருந்தே வருவது. பத்துத் தொகுதிகளும் ஒரே காலத்தில் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பணி அது. கான்ஸ்டன்டைன் காலத்துக்குரிய ஏழாம் தொகுதி 1966இல் வந்தது. அது அக்கசாலைவாரியாக அமைக்கப்பட்டு, வெளியீடுகளின் வரிசையை ஆண்டோடு சொல்லும் அளவுக்குத் திருத்தமாக இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் குழப்பமான ஆட்சிகளைச் சொல்லும் ஐந்தாம் தொகுதியோ 1927இலும் 1933இலும் இரு பகுதிகளாக வந்தது. அதற்குப்பின் கிடைத்த புதையல்களும் ஆய்வுகளும் அதன் அமைப்பைப் பல இடங்களில் பழமையாக்கிவிட்டன. கல்லியனஸின் காசு ஒன்றைத் தேடியவர்கள், ஏறக்குறைய ஒரே வருணனை கொண்ட பதிவுகளுக்கு இடையே எதைத் தேர்வது என்று தெரியாமல் திகைத்திருப்பார்கள். இணையத்தில் பார்க்கும்போது எல்லாப் பதிவும் ஒரே தோற்றத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன; எது திருத்திய பதிப்பிலிருந்து வந்தது, எது ஏறத்தாழ நூறாண்டுப் பழமை என்பதை எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து நாமேதான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். என்னைப் பொறுத்தவரை இதுவே இத்தளத்தின் மிகப் பெரிய குறை.

மூன்றாவதைக் குறை என்பதைவிட எல்லை என்றே சொல்ல வேண்டும். பேரரசின் கிழக்கு மாகாணங்களில் நகரங்கள் தங்கள் பெயரால் கிரேக்க எழுத்தில் அடித்த காசுகள் இதில் இல்லை. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை அடிக்கப்பட்ட தடித்த நான்கு திராக்மாக் காசுகளும் இல்லை. அவற்றுக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்படும் மாகாணக் காசுத் தளத்துக்குப் போக வேண்டும். குடியரசுக் காலத்துக் காசுகளுக்கு இதே கழகம் தனித்தளம் வைத்திருக்கிறது. எழுத்து கிரேக்கமாக இருந்தால் பெரும்பாலும் இங்கே தேட வேண்டாம் என்பது ஓர் எளிய விதி. நம் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு இதைவிட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு ரோமச் செப்புக் காசுகள் கரூர், மதுரைப் பகுதிகளிலும் இலங்கையிலும் நிறையக் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்த போலிகைக் காசுகளும் ஏராளம். இரு வீரர்கள் நிற்பார்கள், கொடியும் இருக்கும், ஆனால் எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும். ஓ.சி.ஆர்.இ. பேரரசின் அக்கசாலைகள் வெளியிட்டதை மட்டுமே எண்ணிட்டு வைத்திருக்கிறது. ஆகவே இத்தகைய காசைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஓர் எண்ணுக்குள் அதை அடக்கியே தீருவது என்று முனைவது அந்தக் காசுக்குச் செய்யும் அநீதி. அது ரோமில் அடித்ததாக இல்லாமல் நம் கடற்கரையில் அடித்ததாக இருப்பதில்தான் அதன் வரலாறே இருக்கிறது.

காசு உண்மையானதா போலியா என்பதையும், என்ன விலை பெறும் என்பதையும் இத்தளம் சொல்லாது. சொல்வதாக அது உறுதியளிக்கவும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, படமெடுத்தால் காசின் பெயரைச் சொல்லிவிடும் கைபேசிச் செயலி ஒன்றுக்கும் ஒரு மாதக் கட்டணம் செலுத்தினேன். என் காசைச் சன்னலோரத்தில் வைத்து எடுத்த படத்துக்கு ஒரு பேரரசரையும், மேசைவிளக்கின்கீழ் எடுத்த படத்துக்கு இன்னொரு பேரரசரையும் அது கூறியது. இரண்டு முறையும் ஏன் அப்படிக் கூறுகிறது என்பதற்கு ஒரு காரணமும் காட்டவில்லை. தவறு யாருக்கும் நேரும். விற்றவரின் அட்டையிலும்தான் தவறு இருந்தது. ஆனால் காமாவுக்கும் 'டி'க்கும் இடையே அவர் எங்கே சறுக்கினார் என்பதை என்னால் பின்தொடர்ந்து கண்டுபிடிக்க முடிந்தது. காரணம் சொல்லாத விடையில் அதற்கு வழியே இல்லை. ஓ.சி.ஆர்.இ. எந்த இடத்திலும் 'உங்கள் காசு இதுதான்' என்று சொல்வதில்லை. மாலையா பட்டையா, ஒரு கொடியா இரண்டா, வளையம் உண்டா இல்லையா என்று கேட்டுக் கேட்டு நம்மைத்தான் மறுபடியும் காசைப் பார்க்க வைக்கிறது. அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திராவிட்டால் அந்த வளையத்தை நான் இன்னும் அழுக்கென்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கைபேசியின் சிறு திரையில் இதைப் பயன்படுத்த வேண்டாம். பட்டியலும் படமும் ஒருசேரத் தெரியும் அளவுக்குக் கணினித் திரை வேண்டும். முதல் காசுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள். பத்தாவது காசுக்குக் கால்மணி நேரம் போதும்.

விற்றவரை அடுத்த சந்தையில் சந்தித்தபோது இவற்றைச் சொன்னேன். காசை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தார். இடப்புறத்து எழுத்தின் அடிப்பகுதியை நகத்தால் தொட்டுக் காட்டி, 'ஆமாம், இதை நான் பார்க்கவில்லை' என்றார். அவருடைய பழைய அட்டையை எறியாமல் உறைக்குள்ளேயே பின்புறமாக வைத்திருக்கிறேன். முன்னால் என் கையெழுத்தில் புதிய அட்டை: இரண்டாம் கான்ஸ்டன்டைன், சீசர், கான்ஸ்டன்டினா என்னும் ஆர்ல், இரு வீரர், இரு கொடி, நடுவே வளையம், 17.6 மி.மீ., 2.31 கிராம். பட்டறை என்ற சொல்லுக்கு நேரே மட்டும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஆர்லில் அப்போது இருந்தவை இரண்டு பட்டறைகள், 'பி'யும் 'எஸ்'ஸும். மிஞ்சியிருக்கும் அந்த அடிப்பகுதி இரண்டில் எதற்கும் பொருந்தும்.